பொறி பறக்காமல் ஒரு பொறியியல்!

ஜன்னல் ஃப்ரேமில் உடைஞ்சு சிக்கிய ட்ரில் பிட்டை எடுப்பது எப்படி? விருதுநகர் ஸ்டைலில் ஒரு கைடு!

ஹாஸ்டல் ரூம் ஜன்னலுக்கு ஒரு ஸ்க்ரீன் மாட்டணும். இல்லேன்னா வாடகை ரூமுக்குக் கொசுவலை ஃப்ரேம். எங்கேயோ அலைஞ்சு ஒரு ட்ரில்லிங் மெஷின் கடன் வாங்கியாச்சு. ஒருத்தன் நாற்காலி மேல, ரெண்டு பேர் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு, நாலு பேர் ஐடியா சொல்லிக்கிட்டு... ஆரம்பிச்சாச்சு வேலை. முதல் ஓட்டை சூப்பர். ரெண்டாவது ஓட்டை முடியப் போற நேரத்தில் 'டக்'குனு ஒரு சத்தம்! மெஷின் சுத்துது. ஆனா அதன் வாயில் பாதி பிட்டுதான் இருக்கு. மீதிப் பாதி ஃப்ரேமுக்குள்ளே ஜம்முனு உட்கார்ந்திருக்கு.

இதுக்கு அப்புறம்தான் ஹைலைட்டே. கீழே நிற்கிற நாலு பேர்கிட்டே இருந்தும் ரெண்டு ஐடியா கண்டிப்பா வரும். ஒண்ணு, "இன்னொரு பிட்டைப் போட்டு அதையே துளைச்சு எடுத்துரலாம் மாப்ள!" ரெண்டு, "கிரைண்டர் கொண்டு வாடா, ராவி எடுத்துரலாம்!"

முதல் ஐடியா உங்க ஜன்னலைக் கெடுக்கும். ரெண்டாவது ஐடியா, அதுவும் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கம்னா, ஜன்னலோட நிற்காது. அதனால மெஷினைக் கீழே வச்சுட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. 'எது எதைவிடக் கெட்டி?', 'பொறி பறந்தா எங்கே போய் விழும்?' மொத்த மேட்டரும் இந்த ரெண்டு கேள்விக்குள்ளே அடக்கம்.

எது கெட்டி?

நாம சாதாரணமா ஹார்டுவேர்ஸ் கடையில் வாங்குற முறுக்குப் பிட்டு இருக்கே, அந்த டிசைனுக்கு அமெரிக்காவின் ஸ்டீஃபன் மோர்ஸ் 1863-ல் பேட்டன்ட் வாங்கினார். உடம்பில் சுத்திச் சுத்தி ஓடுற அந்த ரெண்டு வாய்க்கால் அழகுக்கு இல்லை. வெட்டின இரும்புச் சுருளை வெளியே தள்ளுறதுக்கு!

பிட்டு செய்யுற உலோகத்துக்கு 'ஹை ஸ்பீட் ஸ்டீல்'னு பேரு. 1900-ஐ ஒட்டி பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் இதை உருவாக்கினவங்க ரெண்டு பேர்: மான்செல் வொயிட், ஃப்ரெடரிக் டெய்லர். யார் அந்த டெய்லர்? நம்ம 'பிரின்ஸிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' பேப்பரில், 'சயின்டிஃபிக் மேனேஜ்மென்டின் தந்தை'ன்னு மனப்பாடம் பண்ணுவோமே... அதே டெய்லர்தான்! பரவலா இருக்கிற எம்2 வகையில் சுமார் 6 சதவிகிதம் டங்ஸ்டன், 5 சதவிகிதம் மாலிப்டினம், 4 சதவிகிதம் குரோமியம், 2 சதவிகிதம் வனேடியம் இருக்கும். அதனால பழுக்கச் சூடானாலும் இது இளகாது.

ராக்வெல் சி அளவுகோலில் இதன் கடினத்தன்மை 62-லிருந்து 65 வரை. ஜன்னல் ஃப்ரேமில் இருக்கிற சாதா மைல்ட் ஸ்டீல் அந்த அளவுகோலில் ஏறவே ஏறாது. அதுக்குத் தனியா பி அளவுகோல் வச்சிருக்காங்க. இப்போ புரியுதா? சிக்கியிருக்கிற துண்டு கல்லு, சுத்தியிருக்கிற ஃப்ரேம் களிமண்ணு. புதுசா ஒரு பிட்டைப் போட்டு அழுத்தினா அது கல்லை விட்டு வழுக்கிக் களிமண்ணுக்குள்ளே இறங்கும். வட்டமா இருந்த ஓட்டை நீள்வட்டம் ஆகும். அழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தியானா ரெண்டாவது பிட்டும் உடையும். ஒரு பிரச்னை போய் ரெண்டு பிரச்னை!

ஆனா கெட்டியான பொருளுக்கு ஒரு வீக்னெஸ் உண்டு. அது வளையாது, உடையும். நமக்குக் கிடைச்ச ஒரே பிடி அதுதான்.

ஃப்ரேம் என்ன ஜாதி?

வேலையைத் தொடங்கும் முன்னே ஃப்ரிட்ஜில் ஒட்டுற காந்தம் ஒண்ணை எடுத்து ஃப்ரேமில் வச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு. ஒட்டலேன்னா பெரும்பாலும் அலுமினியம். அடுத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்க. 'டொங்'னு சத்தம் வந்தா உள்ளே காலியான பாக்ஸ் செக்ஷன். 'டிக்'னு வந்தா பழைய வீடுகளில் இருக்கிற கெட்டியான பட்டை. ஃப்ரேமுக்குப் பின்பக்கம் கை போகுதான்னும் பாருங்க. அரை நிமிஷ டெஸ்ட்தான். ஆனா எந்த வழியில் போகணும்னு இதுதான் முடிவு பண்ணும்.

கண்ணாடி (கண்ணுக்குப் போடுறது பாஸ், ஜன்னலுக்கு இல்லை!) கட்டாயம். உடைஞ்ச பிட்டு சில்லுச் சில்லாத் தெறிக்கும். மெஷின் சுத்தும்போது மட்டும் துணிக் கையுறை, தொங்குற துப்பட்டா, விரிச்ச கூந்தல் மூணுக்கும் 'நோ'.

ஈஸியிலிருந்து கஷ்டத்துக்கு...

வழி 1: துண்டு கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. ஓட்டையைச் சுத்தி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்க. தையல் மெஷின் எண்ணெயே போதும். அப்புறம் வைஸ் கிரிப் குறடால் இறுக்கிப் பிடிச்சு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாச் சுத்துங்க. பிட்டு உள்ளே போனது கடிகாரச் சுற்றில். மெல்லிசுத் தகட்டில் அது கிட்டத்தட்ட ஒரு திருகாணி மாதிரி மாட்டியிருக்கும். அதனால இழுத்தா வராது, திருகினா வரும். ஆட்டி அசைச்சீங்கன்னா மிச்சம் இருக்கிற பிடியும் உடைஞ்சிரும். ஜாக்கிரதை!

வழி 2: துண்டோட நுனி பின்பக்கம் எட்டிப் பார்க்குதா? அங்கே இருந்து பிடிச்சும் முன்பக்கமாத் தள்ளலாம். ஆனா பின்னாடி நின்னு பார்க்கிறப்போ திசை தலைகீழ். அங்கே கடிகாரச் சுற்றில்தான் திருகணும். எக்ஸாமில் குழப்பற மாதிரியே இங்கேயும் நிறையப் பேர் குழம்புற இடம் இது.

வழி 3: உள்ளே காலியான பாக்ஸ் செக்ஷனா? அப்போ எதுக்கு வெளியே இழுக்கணும்? பிட்டைவிடக் கொஞ்சம் சின்ன விட்டத்தில் ஒரு பின் பஞ்ச் வச்சு, சின்னச் சுத்தியலால் தட்டி உள்ளேயே தள்ளிவிடுங்க. அது பாட்டுக்கு உள்ளே கிடக்கட்டும். கதவைச் சாத்தும்போது 'கிலுகிலு'ன்னு சத்தம் வந்தா, ரூம்மேட்டுக்குப் பழகிடும்!

வழி 4: துண்டு ஃப்ரேமோட சமமா உடைஞ்சிருந்தா பிடிக்க எதுவும் இருக்காது. இங்கேதான் அந்த வீக்னெஸ் கைகொடுக்கும். கெட்டியான சென்டர் பஞ்சைத் துண்டோட நடுவில் வைக்காம, ஓரத்தில் சாய்ச்சு வச்சு, எதிர்த்திசையில் சுத்துற மாதிரி 'டொக் டொக்'னு தட்டுங்க. ஒண்ணு அது மெல்லச் சுத்தி மேலே ஏறும், இல்லேன்னா நொறுங்கும். நொறுங்கினா சந்தோஷம். சில்லுகளைக் காந்தத்தால் ஒவ்வொண்ணா எடுங்க. கையால் வேணாம். ஊசியைவிட மோசமாக் குத்தும்.

வழி 5: இதுதான் சூப்பர் மேட்டர்... படிகாரம்! கண்திருஷ்டிக்கு வாசலில் கட்டித் தொங்கவிடுவாங்களே, சலூனில் ஷேவிங் முடிஞ்சதும் கன்னத்தில் தடவுவாங்களே, அதேதான். பித்தளைப் பாகத்துக்குள்ளே உடைஞ்சு மாட்டின குட்டியூண்டு ஸ்டீல் ஸ்க்ரூவை எடுக்க வாட்ச் ரிப்பேர் பண்றவங்க காலங்காலமாச் செய்யுற டெக்னிக். படிகாரத்தைச் சூடான தண்ணியில் கரையுற வரைக்கும் கரைச்சா, அந்தக் கரைசல் லேசான அமிலமா இருக்கும். அது இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுத் தின்னும். அலுமினியத்தையும் பித்தளையையும் பெரிசா ஒண்ணும் செய்யாது. குட்டிக் குட்டிக் குமிழ் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். அது ஹைட்ரஜன். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேணாம்.

இதில் மூணு கண்டிஷன். ஃப்ரேம் இரும்பா இருந்தா இந்த வித்தை பலிக்காது. துண்டோட சேர்த்து ஃப்ரேமையும் தின்னுடும். சுவரில் நட்டமா நிற்கிற ஃப்ரேமில் கரைசல் தங்காது. அதனால கழட்ட முடிகிற அலுமினிய ஷட்டருக்குத்தான் இது சரி. கழட்டிப் படுக்க வச்சு, ஓட்டையைச் சுத்தி எம்-சீலால் ஒரு குட்டிக் கிணறு கட்டிக்கலாம். மூணாவது, பொறுமை. ஹை ஸ்பீட் ஸ்டீலில் இருக்கிற குரோமியம் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. மணிக்கணக்கு ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஆனா ஒரு பொறிகூடப் பறக்காது!

வழி 6: எதுவுமே நடக்கலையா? ஃப்ரேமைத் தூக்கிக்கிட்டு லேத் பட்டறைக்கோ கிரில் பட்டறைக்கோ போங்க. இரும்பு ஃப்ரேம்னா துண்டு மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் பண்ணி, ஸ்பேனர் போட்டுத் திருகி எடுப்பாங்க. டூல் ரூம்களில் இன்னும் ஒரு படி மேலே போய் 'ஸ்பார்க் எரோஷன்' வச்சிருப்பாங்க. 1943-ல் சோவியத் நாட்டு லசரென்கோ தம்பதி கண்டுபிடிச்ச முறைக்கு வந்த வளர்ச்சி. எண்ணெய்க்குள்ளே முக்கி வச்சு, நுணுக்கமான மின்பொறிகளால் துளித்துளியாக் கரைக்கிறது. கடினத்தன்மை பத்திக் கவலையே இல்லை. லட்ச ரூபாய் அச்சுக்குச் சரி. ஜன்னலுக்கு? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை!

கவனிச்சீங்களா? முதல் அஞ்சு வழியிலும் கையும் மூளையும் போதும். ஆறாவது வழிக்கு வந்ததும் நெருப்பு வந்துடுச்சு. இங்கேதான் ரெண்டாவது கேள்வி.

எங்க ஊரில் பொறின்னா...

பொறியியல் படிக்கிறவங்களுக்குப் பொறின்னா மெஷின். சிவகாசிப் பக்கம் பொறின்னா நெருப்பு. ரெண்டும் சந்திக்கிற இடம் கிரைண்டர்.

கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது பூப்பூவாத் தெறிக்குதே, அது என்ன? கலவையில் சேர்த்த இரும்புத்தூள் சூடேறி, காத்தில் எரியுது. கிரைண்டரில் இரும்பைத் தேய்க்கும்போது பறக்கிறது என்ன? அதே இரும்புத்தூள், அதே எரிதல்! இரும்புக்குள்ளே கார்பன் இருந்தா அந்தப் பொறி நடுவழியில் வெடிச்சுக் கிளை பிரியும். அதைப் பார்த்தே எந்த வகை ஸ்டீல்னு கண்டுபிடிக்கிற 'ஸ்பார்க் டெஸ்ட்' ஒண்ணு வொர்க்ஷாப்பில் உண்டு. ஆக, ஒவ்வொரு கிரைண்டரும் அணையாத ஒரு மத்தாப்பு. வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேலே. பறக்கிற தூரம் சில மீட்டர். மத்தாப்பையாவது கைநீட்டி மூஞ்சிக்கு எட்டாமப் பிடிப்போம். கிரைண்டர் போகிற போக்கில் பரணையும் கட்டில் அடியையும் எட்டிப் பார்க்கும்.

நம்ம பக்கத்து வீடுகளில் பரணில் என்ன இருக்கும்? போன தீபாவளிக்கு வந்த கிஃப்ட் பாக்ஸில் மிச்சம்! சொந்தக்காரங்க கொடுத்தது, வேலை பார்க்கிற இடத்தில் கொடுத்ததுன்னு ஏதாவது ஒரு மூலையில் தூங்கிக்கிட்டு இருக்கும். பட்டாசு ஆலைகள் இருக்கிற கிராமங்களில் பக்கத்துக் கட்டடமே ஷெட்டாக்கூட இருக்கலாம்.

சுத்தியலும் கிரைண்டருக்கு அப்பாவித் தம்பி இல்லை. துருப்பிடிச்ச இரும்பு மேல அலுமினியம் உரசி, அங்கே ஓங்கி அடி விழுந்தா, ரயில் தண்டவாளத்தை ஒட்டவைக்கிற தெர்மிட் வினை துளியளவுக்கு நடக்கும். துரு மேலேயே சில்வர் பெயிண்ட் அடிச்ச பழைய ஜன்னல் ஞாபகம் வருதா? பட்டாசுக் கலவை கையாளுற இடத்தில் இரும்புக் கருவியைத் தள்ளி வச்சுட்டு, மரத்திலும் பித்தளையிலும் கருவி பிடிக்கிறது இதுக்காகத்தான்.

இது இன்னிக்கு வந்த ஞானம் இல்லை. 1875-ல் பிரிட்டன் கொண்டுவந்த வெடிபொருள் சட்டத்திலேயே இருக்கு. ஆபத்தான கட்டடத்துக்குள்ளே கருவி மரம், செம்பு, பித்தளை மாதிரி மென்மையான பொருளில்தான் இருக்கணும். அங்கே ரிப்பேர் வேலைன்னா, முதலில் வெடிபொருளையும் பாதி கலந்த சரக்கையும் முழுசா அப்புறப்படுத்தி, அறையை நல்லாக் கழுவிவிடணும். அப்புறம்தான் ரிப்பேர். நம்ம நாட்டில் 1884-ல் வெடிபொருள் சட்டம் வந்துச்சு. இப்போ நடைமுறையில் இருக்கிறது 2008-ம் வருஷ விதிகள். வருஷம் மாறினாலும் அடிப்படை ஒண்ணுதான். ஆணி ஒண்ணு அடிக்கணும்னாலும் முதலில் அறை காலி ஆகணும்!

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடிச்சு ஏறக்குறைய 40 பேர் இறந்தாங்க. ஜன்னலுக்கும் ட்ரில்லுக்கும் அதில் சம்பந்தம் இல்லை. ஆனா அன்னிக்கு இறந்தவங்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவங்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உதவி பண்ணவும் என்ன ஆச்சுன்னு பார்க்கவும் ஓடி வந்தவங்க. அடுத்தடுத்து வெடிச்சதில் அவங்களும் சிக்கிட்டாங்க. பட்டாசு இருக்கிற இடத்தில் தீ தெரிஞ்சா ஓட வேண்டியது எதிர்ப்பக்கம். ஓடிக்கிட்டே 101-க்கோ 112-க்கோ போன் பண்ணுங்க. இது ஜன்னல் மேட்டரைவிடப் பெரிய மேட்டர்.

சரி, நம்ம ரூமுக்கு வருவோம். கிரைண்டரோ வெல்டிங்கோ வேணும்னா முதல் சாய்ஸ், ஷட்டரைக் கழட்டிப் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போறது. பொறி அங்கேயே பறக்கட்டும்! கழட்டவே முடியாதுன்னா அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்ற கணக்கை வச்சுக்கலாம். சுத்தி 35 அடிக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிஞ்ச பிறகும் குறைஞ்சது அரை மணி நேரம் ஒரு ஆள் உட்கார்ந்து கண்காணிக்கணும். ஏன்னா மெத்தைக்குள்ளே விழுந்த பொறி உடனே காட்டிக்கொடுக்காது. வாளியில் தண்ணியும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். பட்டாசோ, திரியோ, மருந்தோ இருக்கிற கட்டடமா? அப்போ இந்தக் கணக்கும் கிடையாது, பஞ்சும் சுத்தியலும்கூடக் கிடையாது. கையைக் கட்டிக்கிட்டு, பொறுப்பானவங்ககிட்டே சொல்லிட்டு விலகிடணும்.

இனிமே உடையாம இருக்க...

● ஓட்டை போடுற இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு குழி விழ வைங்க. பிட்டு நடனம் ஆடாது.

● மெஷினை நேரா, ஃப்ரேமுக்குச் செங்குத்தாப் பிடிங்க. நாற்காலி மேல எக்கி நின்னா கை சாயும், பிட்டு வளையும், 'டக்'!

● பிட்டு மறுபக்கம் வெளியே வரும் கடைசி நொடியில்தான் பெரும்பாலும் உடையும். மெல்லிசுத் தகட்டை அது கவ்விப் பிடிச்சு இழுக்கும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைங்க.

● அடிக்கடி வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிடுங்க. இரும்புக்குச் சில சொட்டு எண்ணெய் விடுங்க.

● வேகம் எவ்வளவு? நம்ம ஃபார்முலாதான்: 1000-ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி, 3.14-ஐயும் பிட்டின் விட்டத்தையும் பெருக்கி வர்றதால் வகுக்கணும். மைல்ட் ஸ்டீலுக்கு வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வைங்க. 6 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1,300 ஆர்.பி.எம், 10 மி.மீ.க்குச் சுமார் 800. வீட்டு ட்ரில்லை முழு வேகத்தில் விட்டா பெரும்பாலும் 2,500-ஐத் தாண்டும். அதனால் ட்ரிக்கரைப் பாதி அழுத்தினாலே போதும்!

● 6 மி.மீ. ஓட்டைக்கு முதலில் 3 மி.மீ. போட்டு, அப்புறம் பெரிசாக்குங்க.

கடைசி வழி... ரொம்ப சிம்பிள்!

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு ரகசியம். அந்தத் துண்டை எடுத்தே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லை. ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி, குழி போட்டு, எண்ணெய் விட்டுப் புது ஓட்டை போடுங்க. நீட்டிக்கிட்டு இருக்கிற துண்டைக் குறடால் பிடிச்சு உடைச்சு, மேலே எம்-சீல் பூசி, காய்ஞ்சதும் ஒரு கோட் பெயிண்ட். ஷட்டர் மூடித் திறக்கிற வழியில் துண்டு இடிக்காத வரைக்கும் அது அங்கேயே இருந்துட்டுப் போகட்டும். ஜன்னலின் ஆயுசு முழுக்க அது யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராது.

எடுக்கத் தெரியறது திறமை. எதை விட்டுடலாம்னு தெரியறது அதைவிடப் பெரிய திறமை. எதுவா இருந்தாலும் ஓகே... தொடங்கும் முன்னே பரணில் அந்த கிஃப்ட் பாக்ஸ் இருக்கான்னு மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துடுங்க மக்களே!